ஸஹனுக்கு அஞ்சினோம், தொட்டிக்கு அஞ்சவில்லை



சில ஆண்டுகளுக்கு முன் நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் பதினான்கு வயது மாணவர் ஒருவர் இருந்தார். ஹிஃப்ழுப் பிரிவில் பத்தொன்பது ஜுஸ்உகளை முடித்திருந்தார். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிய வந்தது. அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தது. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த ஒரு வரி அவர் திரும்பி வருவதற்கு முன்பே மதரஸாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிற மாணவர்களின் பெற்றோர் அடுத்தடுத்து அலைபேசியில் அழைத்தனர். “எங்கள் பிள்ளை அவனோடு ஒரே ஸஹனில் சாப்பிடுகிறானே” என்பதே எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது. நிர்வாகம் கூடிப் பேசியது. நாமும் அந்த அமர்வில் இருந்தோம். “உடல் நன்றாகத் தேறிய பின் வரட்டும்” என்று அவருடைய தந்தையிடம் சொல்லி அனுப்புவதென முடிவாயிற்று. தேறிய பின் என்றால் எப்போது என்று எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

அதே ஆண்டு மழைக்காலத்திற்குப் பின் விடுதி மாணவர்கள் பதினொரு பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அனுப்பப்பட்ட மாணவரிடமிருந்துதான் பரவியது என்று சிலர் உறுதியாகவே பேசினர். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது ஹெபடைட்டிஸ் ஏ, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, உங்கள் குடிநீரைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். கழிவறைத் தொட்டிக்கும் நிலத்தடிக் குடிநீர்த் தொட்டிக்கும் இடையே நான்கு முழ தூரங்கூட இல்லை. குடிநீர்த் தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் விரிசல் இருந்தது. அதன் மூடியைத் திறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று சொல்லக்கூட ஆளில்லை.

எதற்கு அஞ்ச வேண்டியதில்லையோ அதற்கு அஞ்சி ஒரு பிள்ளையின் கல்வியை முறித்தோம். எதற்கு அஞ்சியிருக்க வேண்டுமோ அதை நாள்தோறும் குவளையில் மொண்டு குடித்தோம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. நம்முடைய பிழையையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்ததால் தள்ளிக்கொண்டே வந்தோம்.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. கல்லீரல் நலங்கெட்டதற்கான அடையாளம். கல்லீரலைத் தாக்கி அழற்சியை உண்டாக்கும் வைரஸ்களில் முதன்மையானவை ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகளாலேயே அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். பெயர்கள் உடன்பிறப்புகளைப் போல ஒலித்தாலும் அவை ஒன்றுக்கொன்று வேறுபட்ட வைரஸ்கள். நமக்குப் புரிய வேண்டியது அவை செல்லும் வழி. ஏயும் இயும் மலத்தால் மாசுபட்ட நீர், உணவு, கை ஆகியவற்றின் வழியே வாய்க்குள் செல்கின்றன. பியும் சியும் டியும் இரத்தத்தின் வழியே செல்கின்றன. பி தாயிடமிருந்து பிள்ளைக்கும், தாம்பத்திய உறவிலும் பரவும். டி என்பது பி உள்ளவரை மட்டுமே பற்றக்கூடியது. ஆகவே பியைத் தடுத்தால் அதுவும் தடுக்கப்படும்.

இந்த இரு வழிகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே நம் மஹல்லாக்களில் நடக்கும் பெரும் தவறு. ஹெபடைட்டிஸ் பி உள்ளவரோடு ஒரே ஸஹனில் உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, தோளோடு தோள் சேர்ந்து தொழுவதாலோ, அவர் தும்முவதாலோ அது பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. ஆனால் கழிவறை சென்று சோப்பிட்டுக் கை கழுவாத ஒருவர், உடலில் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸை வைத்துக்கொண்டு அதே ஸஹனில் கையிட்டால் அது மற்றவருக்குப் பரவும். அவருக்குக் கண் மஞ்சளாகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காமாலை தென்படுவதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில்தான் அது மிகுதியாகப் பரவுகிறது. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றாமலே வந்து போய்விடும். வைரஸ் உள்ளே சென்றபின் நோய் வெளிப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. ஆகவே இன்று காமாலை கண்டவர் நேற்று உண்டதை ஆராய்வதில் பயனில்லை. சென்ற மாதம் குடித்த நீரைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது நம் மாணவர்கள் எழுப்பும் ஒரு வினாவை இங்கே சொல்லியாக வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி இரு குல்லத்து அளவை, அதாவது ஏறத்தாழ இருநூறு லிட்டரை எட்டிய நீர், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை நஜீஸாவதில்லை. அப்படியிருக்க ஹவ்ளின் நீரைக் குடித்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் நீர் பற்றிய பாடம் வணக்கத்திற்கான தூய்மையைப் பேசுகிறது. அந்நீரால் ஒளு கூடும். அது குடிப்பதற்கு நலம் என்று எந்த இமாமும் தீர்ப்பளிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் நீரின் நிறத்தையும் மாற்றாது, வாடையையும் மாற்றாது. நாற்பது பேர் வாய் கொப்பளித்த ஹவ்ளில் ஒரு மாணவர் குவளையை நனைத்துக் குடிப்பதைக் கண்டால், அது தஹூரான நீர்தானே என்று விட்டுவிடுவது மார்க்க அறிவாகாது.

உண்மையில் இத்துறையில் நம்மிடம் உள்ள வழிகாட்டுதல் மிகப் பெரியது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்நிலைகளிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயலாகச் சொன்னார்கள். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் இடக்கூடாது என்றார்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்னார்கள். இவற்றையெல்லாம் நாம் வகுப்பில் ஓதிக் கொடுக்கிறோம். தேர்வில் கேட்டு மதிப்பெண்ணும் இடுகிறோம். அன்று நம் தொட்டியின் மூடி உடைந்திருந்தது.

1955-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனை பெருக்கெடுத்தபோது கழிவுநீர் தில்லியின் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அதற்குக் காரணம் ஹெபடைட்டிஸ் இ என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. பெரும்பாலோர்க்கு அது தானே குணமாகிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் உள்ளவர்களுக்கு, அது உயிருக்கே ஆபத்தானது; அந்நிலையில் நோயுற்றோரில் நூற்றுக்கு இருபது பேர்வரை இறக்கக்கூடும் என்கிறது மருத்துவம். வீட்டில் கர்ப்பிணி இருக்கையில் மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நச்சு வேலையாக எவரும் கருத வேண்டாம். கொப்புளங்கள் எழுந்து நன்கு கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டால் போதும். கல்யாண விருந்துகளில் கொதித்த நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற வைக்கும் வழக்கமும், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத பனிக்கட்டியைக் கொட்டித் தரும் சர்பத்தும் நம் ஊர்களில் பெருகிவிட்டன. பந்தலுக்கும் அலங்கார விளக்குக்கும் இலட்சக்கணக்கில் செலவிடுவோர் தண்ணீரில் சிக்கனம் பிடிப்பது நமக்குப் புரியாத கணக்கு.

இனி இரத்தவழி நோய்க்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டோர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பியோடும், 5 கோடிப் பேர் சியோடும் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பலருக்குத் தமக்கு நோய் உள்ளதே தெரியாது. பல பத்தாண்டுகள் ஓசையின்றி இருந்துவிட்டு, ஈரல் சுருங்கிய நிலையிலோ புற்றாகிய நிலையிலோ அது தலைகாட்டுகிறது. மதுவைத் தொட்டேயிராத ஒரு பெரியவர் ஈரல் சுருக்க நோயால் இறந்தபோது ஊரார் காதோடு காதாகப் பேசியதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த ஈபத்துக்கு மறுமையில் கணக்கு உண்டு என்பதோடு, அது மருத்துவ உண்மையும் அன்று. ஈரலைச் சுருக்குவது மது மட்டுமன்று.

பி வைரஸ் உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தக் கறையிலும் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. இதை அறிந்தபின் மதரஸாவின் ஒரு வியாழன் மாலையை நினைத்துப் பாருங்கள். மாதத்திற்கு ஒருமுறை நாவிதர் வருவார். பிள்ளைகள் வரிசையாக அமர்வார்கள். தலை மழிக்கப்படும். பிளேடு மழுங்கினால் மாற்றுவார். மாணவர் மாறினால் மாற்றமாட்டார். சிறு கீறலில் கசிந்த இரத்தத்தின் மீது படிகாரத்தைத் தேய்ப்பார். அதே படிகாரம் அடுத்த தலைக்கும் செல்லும். ஸஹனில் கை வைத்ததற்காக ஒரு மாணவரை வீட்டுக்கு அனுப்பிய நாம், இந்த வரிசையை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டு தஸ்பீஹ் ஓதியபடி நின்றிருந்தோம். இப்போது தலைக்கு ஒரு புது பிளேடு. அதற்கான செலவு மிகச் சொற்பம்.

கத்னா செய்யும் ஒஸ்தாவின் கத்தி, காது குத்தும் ஊசி, ஏழாம் நாள் பச்சிளங்குழந்தைக்கு முடி இறக்கும் கத்தி, விடுதியில் நண்பர்கள் கைமாற்றிக்கொள்ளும் ரேஸர், பல் துலக்கும் பிரஷ் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலை மழிக்கும்போது, உரிமம் பெற்ற கடைக்குச் சென்று புது பிளேடைப் பிரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அமருங்கள். தெருவோரத்தில் ஒரே கத்தியோடு நிற்பவரிடம் தலையைக் கொடுக்க வேண்டாம்.

ஹிஜாமா பற்றிச் சற்று வெளிப்படையாகவே எழுத வேண்டியுள்ளது. அது சுன்னத்தான மருத்துவம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் பெற்று, வீட்டின் முன்னறையில் பாயை விரித்து, கழுவித் துடைத்த குவளைகளையே அடுத்தடுத்த முதுகுகளில் வைப்போர் இன்று பல ஊர்களில் உண்டு. இரத்தம் பட்ட குவளையைச் சோப்புநீரில் அலசினால் வைரஸ் போய்விடாது. அவர்களிடம் கேட்டால், இது சுன்னத்து, இதில் கேடு வராது என்கிறார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உண்டு. சுன்னத்தின் பெயரைச் சொல்பவருக்கு அந்த ஹதீஸும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசியைக் குறித்தும் அப்படியே. எகிப்தில் 1950-களிலிருந்து 1980-கள்வரை பில்ஹார்சியா எனும் நத்தைவழி நோயை ஒழிக்க அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. கண்ணாடிச் சிரிஞ்சுகளைச் சரிவரக் கொதிக்க வைக்காமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால், ஒரு நோய்க்கான மருந்தோடு ஹெபடைட்டிஸ் சி நாடெங்கும் பரவியது. உலகிலேயே அந்நோய் மிகுந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து மாறிற்று. பின்னர் அவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இன்று மூன்று மாத மாத்திரையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. அம்மாத்திரையை உள்நாட்டிலேயே செய்து, 2018-19-இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்குப் பரிசோதனை நடத்தி, நோய் கண்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்ட ஒரு நாட்டால் அதைப் பெருமளவு சரிசெய்யவும் முடிந்தது. நம் நாட்டிலும் 2009-இல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய சிரிஞ்சுகளால் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் மாண்டனர். காய்ச்சலுக்கெல்லாம் “ஒரு ஊசி போடுங்கள் டாக்டர்” என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கத்தை விட வேண்டும். ஊசி தேவையென மருத்துவர் சொன்னால், உறை பிரிக்கப்படுவதைப் பார்ப்பது நம் உரிமை.

மார்க்கத்தில் தொற்று என்பதே கிடையாதே என்று ஒரு சகோதரர் நம்மிடம் வாதிட்டார். அக்கருத்துடைய ஹதீஸ் உண்டுதான். நோய் அல்லாஹ்வின் நாட்டமின்றித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்ற அறியாமைக்கால நம்பிக்கையை அது மறுக்கிறது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். தொழுநோயாளியிடமிருந்து விலகச் சொன்னதும், நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்றதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து ஸர்ஃ எனும் இடத்திலிருந்து உமர் (ரலி) அவர்கள் படையோடு மதீனாவுக்குத் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, திரும்புவதும் விதியே என்ற கருத்தில் விடையளித்தார்கள். தவக்குல் பற்றிய நீண்ட விவாதங்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதுமானது.

கீழாநெல்லியைப் பற்றியும் கேட்பார்கள். சென்னை ஆய்வாளர்கள் 1988-இல், கீழாநெல்லி தந்த நாள்பட்ட பி நோயாளிகள் பலரிடம் வைரஸின் அடையாளம் மறைந்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டது உண்மை. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஏயும் இயும் பெரும்பாலும் தாமாகவே குணமாவதால், எந்த இலையைத் தின்றாலும் அந்த இலைக்குப் புகழ் சேர்கிறது. ஓதிப் பார்ப்பதைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம்; நாமும் ஓதுகிறோம். ஓதிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புகிறோம். எந்த எழுத்து வைரஸ் என்று தெரியாமல் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள்.

பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. இன்று நடைமுறையில் உள்ள ஊசி பொதுவாக ஈஸ்ட்டில் உருவாக்கப்படும் ஒரு புரதத்தால் ஆனது. அதில் வைரஸ் இல்லை. நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுமைக்கும் இது 2011-இல்தான் வந்தது. ஆகவே இப்போது பதினாறு, பதினேழு வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் போட்டிருக்கமாட்டார்கள். நம் ஆசிரியர்களில் எவரும் போட்டிருக்கவில்லை. பெரியவர்களுக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், வளர்ந்தவர் உடலில் நுழைந்த பி வைரஸ் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களிடமே நிலைத்துத் தங்குகிறது. பிறக்கையில் தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்ல விரைந்து செல்லும் வாப்பாமார்கள் அப்படியே செவிலியரிடம் இந்த ஊசியைப் பற்றியும் கேட்டுவிட்டு வரலாம்.

திருமணத்திற்கு முந்தைய பரிசோதனை குறித்து ஜமாஅத்துகளில் பேச்சு எழுகிறது. நாம் அதை ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. முடிவு மணமக்கள் இருவருக்கும் அவர்களின் வலீக்கும் அப்பால் செல்லக்கூடாது. ஜமாஅத்தின் பதிவேட்டில் அது ஏறக்கூடாது. நோயை மறைத்து நிக்காஹ் செய்வது ஏமாற்று. வெளிப்படுத்தியபின் மறுதரப்பு ஒப்புக்கொண்டால் அத்திருமணத்தில் குறையேதும் இல்லை. துணைவர் தடுப்பூசி போட்டு, அது பலித்ததா என்று ஒரு பரிசோதனை செய்துகொண்டால் இல்லறம் நடத்தலாம், பிள்ளையும் பெறலாம். பி உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் எனும் ஊசியும் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது. இதையெல்லாம் விளக்காமல் பரிசோதனையை மட்டும் கட்டாயமாக்கினால், அது பெண்களின் வரனை முறிக்கும் கருவியாகவே முடியும். ஆணுக்கு நோய் என்றால் மறைப்பதும் பெண்ணுக்கு நோய் என்றால் ஊர் முழுக்கச் சொல்வதும் நம்மிடையே இல்லாத வழக்கமன்று. மய்யித்தைக் குளிப்பாட்ட மறுத்த செய்தியையும் கேள்விப்பட்டோம். கையுறை அணிந்து குளிப்பாட்டலாம். அந்த ஃபர்ளு கிஃபாயாவை எந்த வைரஸும் நீக்கிவிடவில்லை.

சென்ற ஆண்டு நாம் அந்த மாணவரின் வீட்டுக்குச் சென்றோம். தந்தை வரவேற்றுத் தேநீர் கொடுத்தார். மகன் அலைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் செல்கிறார் என்றார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர், “அல்லாஹ் நாடியது ஹஜ்ரத்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். பிறகு நாம் ஒன்று கேட்டோம்: மகனுக்குத் தெரிந்த அன்றே வீட்டில் மற்றவர்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா? அவருக்கு அந்த வினாவே புதிதாக இருந்தது. மகனை வீட்டுக்கு அனுப்பியபோது நாம் அவரிடம் எதையும் விளக்கவில்லை. வீட்டிலும் வெட்கத்தால் எவரிடமும் கேட்கவில்லை.

2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு நாமே உடன் சென்றோம். உம்மாவுக்கு இருந்தது, மகனுக்கு வந்த வழி அதுவாகவே இருக்கக்கூடும் என்றார் மருத்துவர். பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கும் இருந்தது. தந்தைக்கு இல்லை, அவருக்குத் தடுப்பூசி தொடங்கப்பட்டுள்ளது. உம்மாவின் ஈரல் சுருங்கத் தொடங்கியிருப்பதால் நாள்தோறும் மாத்திரை கொடுக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாமே என்றும் மருத்துவர் கேட்டார். தந்தை நம்மைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

அந்த மாணவர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் மதரஸாவுக்கு வருகிறார். விட்ட இடத்திலிருந்து, இருபதாம் ஜுஸ்உவை ஓதிக்கொண்டிருக்கிறார். ஓதி முடித்தபின் மற்றப் பிள்ளைகளோடு ஸஹனில் அமர்கிறார்.